காரைக்குடியில் முதலாளி, தூத்துக்குடியில் கப்பல்: மாறும் பாதுகாப்பு விதிகளை எப்படிப் பின்தொடர்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காரைக்குடியைச் சேர்ந்த ஒரு தம்பி. அப்பச்சி நடத்திவந்த கப்பல் தொழில் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. தூத்துக்குடியில் 1,200 கிராஸ் டன் அளவுள்ள ஒரு சரக்குக் கப்பல். பெரும்பாலும் கரையோரமாக ஓடுகிறது, இடையிடையே மாலேக்கும் கொழும்புக்கும் போகிறது. துறைமுகத்துக்குள் வேலை செய்கிற ஒரு டக், அதாவது இழுவைப் படகு. ஆலப்புழையில் உறவினரோடு பங்கில் ஒரு சுற்றுலாப் படகு. என்ஜின் இல்லாத பார்ஜ், அதாவது இழுத்துச் செல்லும் தட்டையான சரக்குக் கலம், ஒன்று வாங்கும் யோசனையும் உண்டு. "விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஏஜென்ட் எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கப்பல் வேலையே தெரியாத நான் செக்காலையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? ஏஜென்ட்டை மாற்றிவிடலாமா?" இதுதான் அவர் கேட்டது.

நான் கப்பல் என்ஜினீயராக இருந்து, பிறகு கரையில் கப்பல் நிர்வாகத்தில் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்தவன். இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்தே இதைச் செய்யலாம். அதற்கு நீங்கள் கேப்டன் ஆக வேண்டியதில்லை. ஆனால் எந்த விதி எந்தக் கப்பலுக்குப் பொருந்தும், எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்கிற பதிவேடு ஏஜென்ட் அலுவலகத்தில் மட்டும் இருக்கக்கூடாது. உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடந்தபோது முதலாளி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோதான் இருந்தார். மூன்று வருடக் கணக்குக்குப் போன ஏஜென்ட்தான் அங்கே எல்லாம். ஆனால் ஐந்தொகை எழுதி ஊருக்கு வரும், முகப்பில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் கடிதம் போகும். ஏஜென்ட்டை நம்பினார்கள், கணக்கைப் பார்க்காமல் விடவில்லை. கப்பல் பாதுகாப்பிலும் அந்த ஏற்பாடுதான் வேண்டும்.

பொறுப்பு யார் தலையில் என்பதில் குழப்பம் வேண்டாம். காப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் என்றால் உடனே புரியும். நம் நாட்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963-ஆம் ஆண்டினுடையது. கப்பலுக்கு வருடக் கணக்கில் எடுக்கிற பாலிசியில், உரிமையாளர் தெரிந்தே தகுதியில்லாத நிலையில் கப்பலைக் கடலுக்கு அனுப்பியிருந்தால், அந்தக் குறையால் வந்த நஷ்டத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தும் வேண்டுமென்றே விசாரிக்காமல் இருந்தால் அதுவும் தெரிந்ததற்குச் சமம் என்பது இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கொள்கை. நம் சட்டமும் அங்கிருந்து வந்ததுதான். "ஏஜென்ட் சொல்லவில்லை" என்று நீங்கள் சொன்னால், "நீங்கள் ஏன் கேட்கவில்லை" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

அடுத்து ஒரு காகிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் சரக்குக் கப்பல் 500 டன்னுக்கு மேல், வெளிநாட்டுக்கும் போகிறது. அப்படியானால் ஐ.எஸ்.எம். கோட் என்ற சர்வதேசப் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு பொருந்தும். 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீபுரூக் துறைமுகத்தை விட்டு ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற, பயணிகளும் வண்டிகளும் ஏறும் ஃபெரி கப்பல் முன்கதவை மூடாமலே கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூடாத ஆளோடு விசாரணை நிற்கவில்லை. கரையில் இருந்த நிர்வாகம் வரை போனது. அந்த மாதிரி விபத்துகளின் விளைவாக வந்ததுதான் ஐ.எஸ்.எம். உங்களைப் போன்ற சரக்குக் கப்பல்களுக்கு அது 2002 ஜூலை 1 முதல் கட்டாயம். அதில் டி.ஓ.சி. என்று நிறுவனத்துக்கு ஒரு சான்றிதழ், எஸ்.எம்.சி. என்று கப்பலுக்கு ஒரு சான்றிதழ். அந்த டி.ஓ.சி. யார் பெயரில் இருக்கிறது? உங்கள் நிறுவனத்தின் பெயரிலா, ஏஜென்ட்டின் நிர்வாக நிறுவனத்தின் பெயரிலா? உங்கள் பெயரில் இருந்தால், கரையில் பாதுகாப்புக்குப் பொறுப்பான டி.பி.ஏ. என்ற நபரையும் உங்கள் நிறுவனம்தான் நியமித்திருக்க வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கப்பலில் ஒட்டியிருக்கும். ஒரு முதலாளி தன் டி.பி.ஏ. யாரென்று கப்பலின் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம்.

இனி விதிகள். "கப்பல் சட்டம்" என்று ஒன்று இருப்பதாக நினைத்துத்தான் பலரும் குழம்புகிறார்கள். உங்களிடம் மூன்று கலங்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்.

சரக்குக் கப்பலுக்கு டி.ஜி. ஷிப்பிங், அதாவது மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்ககம்தான் மேலிடம். தலைமையகம் மும்பையில். அதன் கீழ் எம்.எம்.டி. என்ற வணிகக் கப்பல் துறை அலுவலகங்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் உண்டு. அதோடு, கப்பலின் உறுதியைப் பரிசோதித்துச் சான்று தரும் தனி நிறுவனத்தை கிளாஸ் என்பார்கள். கப்பல் எந்த கிளாஸில் இருக்கிறதோ அந்த நிறுவனமும் சர்வே, அதாவது நேரில் பரிசோதனை, செய்யும். ஐ.ஆர்.எஸ். என்கிறோமே, இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங், அது 1975-இல் தொடங்கியது. இந்தக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குப் போனால் உள்நாட்டுப் பயணம். மாலேக்குப் போனால், அது ஒரே தடவையாக இருந்தாலும், சர்வதேசப் பயணம். அந்த ஒரு பயணத்துக்காக, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் முழுவதும் கூடவே வரும். "வருஷத்தில் ரெண்டு மூணு தடவைதானே" என்று ஏஜென்ட் சொன்னால் அது வியாபாரப் பேச்சு. சட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.

டக் துறைமுக எல்லைக்குள் வேலை செய்கிற வரை வ.உ.சி. துறைமுகத்தின் சொந்த நிபந்தனைகள், துறைமுகக் கலங்களுக்கான உரிமம், கிளாஸ் சர்வே ஆகியவற்றைப் பார்த்தால் போதும். ஆனால் யாரோ ஒருவர் பார்ஜை இராமேஸ்வரம் பக்கம் இழுத்துக்கொண்டு போகச் சொல்லி நல்ல வாடகை பேசுவார். எல்லையைத் தாண்டிய நிமிடம் வேறு சட்டம். இழுவைக் கயிறு, இழுக்கும் திட்டம், வானிலை, ஆட்களின் தகுதிச் சான்று எல்லாவற்றையும் சர்வேயர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். டக் விவகாரங்களில் நான் பார்த்த தகராறுகள் பலவும் இப்படிப்பட்ட ஒரு நாள் வேலையில் வந்தவைதான்.

ஆலப்புழைப் படகு உள்நாட்டு நீர்வழிக் கலம். அதற்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவந்தார்கள், 2022 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. நடத்துவது மாநிலங்கள்தான். கேரளத்தில் கேரள மாரிடைம் போர்டு. பழைய சட்டத்தில் மாநிலத்துக்கு மாநிலம் பதிவும் விதியும் வேறு வேறாக இருந்தன. புதியதில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவுமுறை, நீர்ப்பரப்பின் அலை உயரத்தை வைத்துப் பிரித்த மண்டலங்கள், கட்டாயக் காப்பீடு எல்லாம் உண்டு. உங்கள் படகின் சர்வே சான்றிதழில் எந்த மண்டலம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த மண்டலத்துக்கு வெளியே படகு போகக்கூடாது, சுற்றுலாப் பயணி எவ்வளவு கெஞ்சினாலும்.

பார்ஜ் வாங்கும் யோசனைக்கு வருகிறேன். 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் என்ஜின் இல்லாத கலத்துக்கும் 15 டன்னுக்கு மிகாத சிறு கலத்துக்கும் பதிவிலிருந்து விலக்கு இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டம் அந்தக் கதவை மூடுகிறது. கலம் என்ற வரையறைக்குள் பார்ஜும் வருகிறது, எதனால் ஓடுகிறது, எத்தனை டன் என்ற பேதமில்லாமல் பதிவு வேண்டும் என்கிறது. ஆகவே "பார்ஜுக்கெல்லாம் பேப்பர் வேண்டாம்ணே" என்று விற்கிறவர் சொன்னால் அவர் பழைய சட்டத்தில் இருக்கிறார். பழைய கலம் வாங்கும்போது இன்னொன்றும் உண்டு: 2023-இல் டி.ஜி. ஷிப்பிங் கப்பல்களின் வயது வரம்பு குறித்து ஓர் ஆணை போட்டது. விலை பேசும் முன் அந்த ஆணையையும் அதன் பின் வந்தவற்றையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

2025-இல் ஒரே வருடத்தில் ஐந்து சட்டங்கள் வந்தன: வணிகக் கப்பல், கரையோரக் கப்பல், துறைமுகங்கள், கடல்வழிச் சரக்கு, சரக்குச் சீட்டு. ஐந்தையும் படிக்க உட்கார வேண்டாம். பாதுகாப்புக்கு முதலாவதுதான் முக்கியம். டக்கை முன்னிட்டுத் துறைமுகச் சட்டத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். மற்றவை சரக்கு, வழக்கு, உரிமம் சம்பந்தப்பட்டவை, உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே எல்லாரும் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. சட்டம் நிறைவேறியது என்று செய்தித்தாளில் வந்துவிட்டால் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலான சட்டங்களில் முதல் பக்கத்திலேயே, மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம் என்று இருக்கும். உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2021 ஆகஸ்டில் ஒப்புதல், அமலுக்கு வந்தது அடுத்த வருடம் ஜூனில். பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகளும் உடனே செத்துவிடுவதில்லை. புதிய சட்டத்துக்கு முரண்படாத வரை, புதிய விதி வரும் வரை, அவை தொடரும்படி கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு வைத்திருப்பார்கள். ஆகவே அரசிதழைப் பாருங்கள். மின்னரசிதழ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வரைவு விதி என்று ஒன்று முதலில் வரும், ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். இறுதி விதி பிறகு வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பி.டி.எஃப்.களில் வரைவுகளும் கலந்தே வருகின்றன. வரைவைப் பார்த்துவிட்டு உபகரணம் வாங்கினவர்களும் உண்டு, இறுதி விதியை வரைவு என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

"திடீர்னு சர்க்குலர் போட்டுட்டாங்க" என்ற புலம்பலைத் தூத்துக்குடியில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். சோலாஸ் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மையில்லை. டைட்டானிக் முழுகியதற்குப் பிறகு 1914-இல் முதல் சோலாஸ் ஒப்பந்தம் வந்தது. இப்போது இருப்பது 1974-ஆம் ஆண்டினுடையது. இதில் ஒரு திருத்தத்தை லண்டனில் உள்ள ஐ.எம்.ஓ. என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கடல்சார் பாதுகாப்புக் குழு நிறைவேற்றினால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாடுகளோ, உலகக் கப்பல் டன்னேஜில் பாதியை வைத்திருக்கும் நாடுகளோ எதிர்ப்புச் சொன்னால் ஒழிய, அது தானாகவே ஏற்கப்பட்டதாகிவிடும். நிறைவேறிய நாளிலிருந்து அமலுக்கு வர சாதாரணமாக ஒன்றரை வருடமாவது ஆகும். பெரும்பாலானவை ஜனவரி 1 அல்லது ஜூலை 1 தேதியில் வரும். போதாததற்கு, சோலாஸ் திருத்தங்களை நான்கு வருடத்துக்கு ஒரு முறை சேர்த்து அமலாக்குவது என்ற ஏற்பாடும் இருக்கிறது: 2020, 2024, அடுத்தது 2028. இடையில் அவசரம் என்று சில வரும், 2026-இல் வந்தவை அப்படிப்பட்டவை. ஆகக் கூடி, நமக்கு சர்க்குலர் வரும்போது அது லண்டனில் தீர்மானமாகி வெகுநாள் ஆகியிருக்கும். உங்கள் கிளாஸ் நிறுவனம் இந்தத் திருத்தங்களைத் தன் தளத்தில் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளாக முன்கூட்டியே போடும். வருடக் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து, வருகிற ஜனவரி 1, ஜூலை 1 இரண்டிலும் என்னென்ன அமலுக்கு வருகின்றன என்று மட்டும் எழுதிவைத்தால் திடீர் என்பதே பாதி குறைந்துவிடும்.

ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். தீயணைப்பு நுரையில் பி.எஃப்.ஓ.எஸ். என்ற இரசாயனம் இருந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடுகிற சரக்கு அது. 2026 ஜனவரி 1 முதல் புதிய கப்பல்களில் அது தடை. ஏற்கெனவே ஓடுகிற கப்பல்களுக்கு, அந்தத் தேதிக்குப் பிறகு வருகிற முதல் சர்வேக்குள் எடுத்துவிட வேண்டும். எடையில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இருப்பதாகக் கணக்கு. இவ்வளவுதான் விதி, இரண்டு வரி.

இதை உங்கள் கப்பலில் எப்படி வாசிப்பது? "எங்கள் கப்பலில் நுரை சிஸ்டம் இல்லையே" என்று முதலில் தோன்றும். டெக்கில் நிலையான நுரை அமைப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் என்ஜின் ரூமில் கையால் தூக்கிப் போகிற நுரை அப்ளிகேட்டர் இருக்கும், பக்கத்தில் இருபது லிட்டர் கேன் இருக்கும், நுரை எக்ஸ்டிங்விஷரும் இருக்கும். அந்த கேனின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயாரித்தவர் யார், பேட்ச் எண் என்ன என்று பார்த்து, பி.எஃப்.ஓ.எஸ். இல்லை என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். மாற்றுவதென்றால் பழைய நுரையைக் கடலில் கொட்டக்கூடாது, கரையில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அடுத்து "முதல் சர்வே" எது என்று தேட வேண்டும். வருடாந்திர சர்வேக்கு ஆண்டுத் தேதிக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் இடைவெளி உண்டு. உங்கள் சான்றிதழின் ஆண்டுத் தேதி மார்ச் என்றால் டிசம்பரிலேயே சர்வேயர் வந்துவிடலாம், ஜூன் வரையும் போகலாம். எப்போது கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கெடு மாறுகிறது. சர்க்குலர் வாசிக்கிற பயிற்சி இதுதான். எதற்குப் பொருந்தும், எந்த நாளிலிருந்து, என்னிடம் அந்தப் பொருள் இருக்கிறதா, அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

"புதிய கப்பல்" என்று விதியில் வருவதும் நாம் வாங்கிய தேதியை வைத்து அல்ல. கப்பல் கட்டும்போது கீல் என்கிற அடித்தண்டு போட்ட நாள்தான் கணக்கு. அல்லது அதற்குச் சமமான கட்டம், அதாவது குறைந்தது 50 டன் அல்லது மொத்த கட்டுமான எடையில் ஒரு சதவீதம், இரண்டில் எது குறைவோ அது கட்டி முடித்த நிலை. உங்கள் கப்பலின் கீல் தேதி தெரியாமல் எந்தச் சுற்றறிக்கையையும் வாசிக்க முடியாது.

பதிவேட்டுக்கு வருவோம். உங்கள் மனைவி வீட்டில் கணக்கு பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதையும் அவரிடமே கொடுங்கள் என்பது என் யோசனை. கணக்குப் பார்க்கிற கை தேதியைத் தவறவிடாது. ஒவ்வொரு கலத்துக்கும் முதல் பக்கத்தில் அதன் ஜாதகம் மாதிரி ஒரு குறிப்பு: வகை, கிராஸ் டன்னேஜ், நீளம், கீல் தேதி, என்ஜின் சக்தி, ஓட அனுமதி உள்ள பகுதி, ஏற்றலாம் என்ற ஆட்கள் எண்ணிக்கை, சான்றிதழ்களும் அவற்றின் காலாவதியும். அப்புறம் சுற்றறிக்கைப் பதிவேடு. டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் ஆணைகள், எம்.எஸ். (வணிகக் கப்பல்) நோட்டீஸ், என்ஜினீயரிங் சுற்றறிக்கை, பயிற்சிச் சுற்றறிக்கை என்று தனித்தனியாக வரும். வாரத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவற்றை எண்ணோடும் தேதியோடும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே "பொருந்தும்" அல்லது "பொருந்தாது". இதில் பெரிய விஷயம் இந்தப் பொருந்தாது என்பதுதான். ஏன் பொருந்தாது என்று ஒரு வரி இருக்க வேண்டும்: "எண்ணெய்க் கப்பலுக்கு மட்டும்", "3,000 டன்னுக்கு மேல்". சர்வேயர் கேட்கும்போது நீங்கள் பார்த்துவிட்டுத்தான் தள்ளினீர்கள் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி. பழைய சுற்றறிக்கையை ரத்து செய்து புதியது வந்தால் பழையதைக் கிழிக்காதீர்கள். குறுக்கே கோடு போட்டு, எது ரத்து செய்தது என்று எழுதி வையுங்கள்.

ஆட்களுக்கான விதிகளும் இதே பதிவேட்டில் வர வேண்டும், அவற்றை ஏஜென்ட்டுகள் மறந்துவிடுவார்கள். எம்.எல்.சி. என்பது கடலோடிகளின் வேலை நிலைமைக்கான சர்வதேச ஒப்பந்தம். 2024 டிசம்பர் 23 முதல் அமலான அதன் திருத்தத்தில், பாதுகாப்பு உடை அணிபவரின் உடல் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதும் ஒன்று. ஒரே சைஸ் பாய்லர் சூட்டை எல்லாருக்கும் வாங்குகிற வழக்கம் இனி செல்லாது. 2026 ஜனவரி 1 முதல் கடலோடிகளின் அடிப்படைப் பயிற்சியில் மிரட்டல், பாலியல் தொல்லை தடுப்பும் சேர்ந்திருக்கிறது. புதிதாக ஆள் எடுக்கும்போது எந்தத் தேதிச் சான்றிதழ் என்று பாருங்கள்.

இவ்வளவும் காகிதம். காகிதம் சரியாக இருந்து கப்பல் சரியில்லாமல் போவதுதான் எனக்கு எப்போதும் பயம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தூத்துக்குடி போய் ஏறிப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். லைஃப் ராஃப்ட் என்ற உயிர்காப்பு மிதவையைப் பாருங்கள். வெள்ளை உருளைக்குள் மடித்து வைத்திருக்கும், தொட்டிலில் பட்டைபோட்டுக் கட்டியிருக்கும். அந்தப் பட்டையைப் பிடித்திருக்கிற உள்ளங்கை அகலச் சாதனம்தான் எச்.ஆர்.யூ. கப்பல் முழுகினால் ஒன்றரை மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தத்தில் அது பட்டையை விடுவித்துவிடும், ராஃப்ட் மேலே மிதந்து வரும். ராஃப்ட்டின் உள்ளிருந்து வருகிற கயிற்றின் நுனி, வீக் லிங்க் என்கிற மெல்லிய இணைப்பு வழியாகத்தான் கப்பலோடு சேர்ந்திருக்க வேண்டும். கப்பல் கீழே போகப் போகக் கயிறு இழுபட்டு ராஃப்ட் விரியும், விரிந்த ராஃப்ட் மேலே இழுக்கும்போது வீக் லிங்க் அறுந்து விடுதலையாகும்.

இதில் நடக்கிற தப்பு என்னவென்றால், யாரோ ஒருவர் "கெட்டியா இருக்கட்டும்" என்று அந்தக் கயிற்றை ஒரு ஷாக்கிள் போட்டு நேரே டெக்கில் மாட்டிவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்புறம் அறுவதற்கு ஒன்றும் இல்லை. விரிந்த ராஃப்ட்டையும் கப்பல் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று பெயின்ட். எச்.ஆர்.யூ. மேலேயே அடித்திருப்பார்கள், காலாவதி மாதம் தெரியாது. பெரும்பாலும் இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிய சாதனம் அது. ராஃப்ட் வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் நிலையம் போக வேண்டும். ராஃப்ட் சர்வீஸ் ரசீது பைலில் கச்சிதமாக இருந்து, அதைத் திரும்பக் கட்டிய விதம் தப்பாக இருந்த கப்பலில் நானே ஏறியிருக்கிறேன். இதைப் பார்க்க என்ஜினீயரிங் படிப்பு தேவையில்லை, கண் போதும்.

அப்படியே டிரில் பதிவேட்டையும் புரட்டுங்கள். தீ, கப்பலைக் கைவிடுவது இரண்டும் மாதம் ஒரு முறை. ஆட்களில் கால்வாசிக்கு மேல் புதியவர்கள் என்றால் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள். மூடிய அறைக்குள் நுழைந்து மீட்கும் பயிற்சி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, இது 2015 ஜனவரி முதல். எல்லா மாதமும் ஒரே தேதி, ஒரே மணி, ஒரே கையெழுத்து என்றால் டிரில் மேசையில் நடந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கிற பையனிடம் "தம்பி, தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கணும்னா மொதல்ல என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். காற்றை அளந்து பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும். உதவப் போனவரும் சேர்ந்து சாகிற விபத்து மூடிய தொட்டிகளில்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன, டெக்கில் இருப்பவர்களோ தூத்துக்குடி, தொண்டி, கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பொருந்துகிற நாலு வரியைத் தமிழில் எழுதி மெஸ் ரூமில் ஒட்டச் சொல்லுங்கள். இதற்கு ஆகிற செலவு ஒரு தாள்.

இரும்பு மெலிவது பற்றியும் ஒரு வார்த்தை. அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தகட்டின் கனம் அளந்த அறிக்கை சர்வே பைலில் இருக்கும். அளவுகள் மட்டும் பார்க்காமல், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிடுங்கள். அரிப்பு பற்றிய அறிவுக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். 1948-இல் அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியிலேயே இருக்கிறது, மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அவர்களுக்குக் கடலரிப்பு ஆய்வு மையங்கள் உண்டு. ஊருக்குள்ளேயே இருப்பதாலோ என்னவோ நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

சுற்றுலாப் படகை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது சின்னது என்பதல்ல. உங்கள் மூன்று கலங்களில் ஆபத்து அதில்தான் அதிகம். சரக்குக் கப்பலில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். படகில் நீச்சல் தெரியாத குடும்பங்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள், இருட்டிய பிறகு ஓட்டினார்கள். 2009-இல் தேக்கடியில் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காட்டிலும் ஒரு படகு கவிழ்ந்தது. இந்த விபத்துகளில் திரும்பத் திரும்பக் காண்பது அதிக ஆட்கள், மேல்தளம், ஒரே பக்கம் சாய்வது.

உங்கள் பங்காளி மேல்தளத்தில் ஒரு கூரை போட்டிருக்கிறார், சோபா வைத்திருக்கிறார் என்று கேள்வியில் ஓர் ஓரமாகச் சொல்லியிருந்தீர்கள். அது ஓரமான விஷயமில்லை. மேலே எடை ஏற ஏறப் படகின் சமநிலை மாறுகிறது. பழைய ஸ்டெபிலிட்டி கணக்கு செல்லாது, சர்வே சான்றிதழும் அந்தப் பழைய படகுக்குத்தான் கொடுத்தது. மாற்றம் செய்யும் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் இப்போது படகை நிறுத்திவிட்டு சர்வேயரைக் கூப்பிடுங்கள், சீசன் என்று பார்க்காதீர்கள். மேல்தளத்தில் எத்தனை பேர் என்பதைப் பெரிய எழுத்தில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் ஏறும்போதே மாட்டச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கான சைஸும் வேண்டும். படகை ஓட்டுகிற சாரங்குக்கு ஒரு அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள்: ஆள் அதிகமென்றால் முதலாளியைக் கேட்காமலே படகை எடுக்க மறுக்கலாம், சம்பளம் குறையாது என்று.

கொழும்பு போகிற கப்பலுக்கு ஒரு சின்னத் தந்திரம். அங்கே துறைமுக நாட்டு அதிகாரிகள் ஏறிச் சோதிப்பார்கள். வருடந்தோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏதாவது ஒரு தலைப்பில் கூடுதல் கவனமாகப் பார்க்கிற இயக்கம் நடக்கும். 2024-இல் ஊதியமும் வேலை ஒப்பந்தமும், 2025-இல் கப்பலின் சமநிலைக்காக ஏற்றுகிற பாலாஸ்ட் தண்ணீர். எந்தத் தலைப்பு, என்ன கேள்விகள் என்பதை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். கேள்வித்தாளை முதல்நாளே கொடுத்துவிட்டு நடத்துகிற பரீட்சை, அதிலும் தவறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏஜென்ட்டை மாற்றலாமா என்ற கேள்விக்கு: இப்போதைக்கு வேண்டாம். அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள், தொலைபேசியில் வேண்டாம். டி.ஓ.சி. யார் பெயரில், டி.பி.ஏ. யார், மூன்று கலங்களின் எல்லாச் சான்றிதழ்களின் நகல், கடைசி சர்வேயில் சர்வேயர் எழுதிய குறைகளும் அவை முடிந்ததற்கான காகிதமும், கடந்த ஒரு வருடத்தில் வந்த சுற்றறிக்கைகளில் அவர் எடுத்த நடவடிக்கை. இவ்வளவையும் கேளுங்கள். நல்ல ஏஜென்ட் என்றால் ஒரு வாரத்தில் பைல் வந்துவிடும், முதலாளி கேட்கிறாரே என்று உள்ளூர சந்தோஷப்படவும் செய்வார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே" என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் பைலில் வைத்துவிட்டு, தூத்துக்குடி எம்.எம்.டி.யிலும் கிளாஸ் அலுவலகத்திலும் உரிமையாளர் என்ற முறையில் நகல்களை நேரே கேட்டு வாங்குங்கள். வேறு ஏஜென்ட் தேடுவதை அதற்கப்புறம் பார்க்கலாம்.